பஞ்சில் நின்ற அழுக்கு

எங்கள் பெரியப்பாவுக்கு ரேடியோ ரிப்பேர் தொழில். திண்டுக்கல்லில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும் என்கிற அளவில் ஒரு கடை. எந்தச் சாமான் கையில் கிடைத்தாலும் அதைத் திருப்பி, ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பார்ப்பார். திறந்து பார்க்க முடியாத பொருளை அவர் நம்பியதில்லை. ஒருநாள் சிகரெட்டையும் திறந்து காட்டினார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. குடித்து முடித்த சிகரெட்டின் அடித்துண்டை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, சால்டரிங் மேஜை விளக்குக்குக் கீழே விரித்து வைத்தார். பக்கத்திலேயே ஒரு புதுச் சிகரெட்டின் பஞ்சு. அது பால் வெள்ளை, இது வெற்றிலைக்காவி.

“பாத்தியாடா, அழுக்கு பூரா இந்தப் பஞ்சுலயே நின்னு போச்சு. இல்லேன்னா இவ்வளவும் உள்ள போயிருக்கும்.”

நான் நம்பினேன். அவரும் நம்பினார். கண்ணெதிரே கறை இருக்கும்போது நம்பாமல் என்ன செய்வது? முப்பது வருடம் கழித்து, அமெரிக்கப் புகையிலைக் கம்பெனிகளின் பழைய கோப்புகளில் ஒரு வேதியியலாளர் எழுதிய குறிப்பைப் படித்தபோதுதான் அந்த மேஜை விளக்கு திரும்ப ஞாபகம் வந்தது.

அவர் பெயர் க்ளாட் டீக். ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. 1953-ல் அவர் எழுதியதன் சாரம் இது: புகை படப்பட நிறம் மாறும்படி பில்டர் பஞ்சில் ஒரு பொருளைச் சேர்க்கலாம், அதனால் பில்டரின் வடிகட்டும் திறன் பெரிதாக ஒன்றும் கூடப்போவதில்லை, ஆனால் விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் அதனால் கிடைக்கும் லாபம் சொல்லாமலே விளங்கும்.

அவர் சொன்னபடியே செய்தார்களா என்பது வேறு விஷயம். சாதாரணப் பஞ்சிலும் தார், அதாவது புகையில் வரும் பிசுபிசுப்பான கறை, படிந்தால் பழுப்பு வரத்தான் செய்யும். என்னை நிறுத்தியது வேறு. திண்டுக்கல்லில் ஒரு மெக்கானிக் பிளேடை எடுத்துக் கீறிப் பார்ப்பதற்குப் பல பத்து வருடங்களுக்கு முன்பே, அப்படிக் கீறிப் பார்க்கப்போகிறவனின் கண்ணுக்கு என்ன காட்டலாம் என்று வட கரோலினாவில் ஒருவர் யோசித்து வைத்திருக்கிறார்.

இந்தக் கோப்புகள் வெளியே வந்தது தனிக் கதை. 1998-ல் மின்னசோட்டா மாநில வழக்கு முடிந்தபோதும், அதை ஒட்டி வந்த மற்ற ஒப்பந்தங்களிலும், கம்பெனிகள் தங்கள் உள் ஆவணங்களைப் பொதுவில் வைக்க வேண்டியதாயிற்று. இன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாகம் அவற்றைக் காக்கிறது. ஒரு கோடிக்கும் மேல். கடிதம், மீட்டிங் குறிப்பு, ஆய்வறிக்கை, ஓரத்தில் பேனாவால் கிறுக்கியது எல்லாம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஒன்றைத் திறந்தால் ஒரு மணிக்கு முன்பு மூட முடியாது.

அவற்றைப் படிக்கும் முன்பு எனக்கு ஒரு எண்ணம் இருந்தது: இந்தக் கம்பெனிகள் சிகரெட் கெடுதல் இல்லை என்று பொய் சொன்னார்கள், அவ்வளவுதான் விஷயம் என்று. பொய் சொன்னது உண்மை. ஆனால் வெளியே அந்தப் பொய் ஓடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உள்ளே கெடுதல் குறைந்த சிகரெட்டைச் செய்துவிட நிஜமாகவே முயன்றவர்கள் இருந்தார்கள். நல்ல மூளைக்காரர்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

முதலில் 1950. அந்த வருடம் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டரும் எவார்ட்ஸ் கிரஹாமும், பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும், நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைத் தனித்தனியே வெளியிட்டார்கள். புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை வெற்றிகரமாக எடுத்த முதல் அறுவை மருத்துவர் இந்த கிரஹாம். அவரே பெரிய புகைப்பிடிப்பாளர். தன் ஆய்வைப் பார்த்துவிட்டுப் பழக்கத்தை விட்டார். ஆனாலும் 1957-ல் நுரையீரல் புற்றுநோயில்தான் இறந்தார். 1953-ல் வைண்டரின் குழு இன்னும் ஒரு படி போய், சிகரெட் தாரை எலிகளின் முதுகில் தடவியது. 44 சதவீத எலிகளுக்குப் புற்றுக்கட்டி வந்தது. பத்திரிகைகள் அதைப் பெரிதாகப் போட்டன. அந்த டிசம்பரில் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். 1954 ஜனவரி 4-ம் தேதி 400-க்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப்பக்க அறிக்கை: எங்கள் பொருள் உடல்நலத்துக்குக் கேடல்ல என்று நம்புகிறோம், ஆராய்ச்சிக்கு உதவுவோம், மக்கள் நலனே எங்களுக்கு முதல் பொறுப்பு.

ஆய்வுக்கூடங்களில் இருந்தவர்களின் கணக்கு வேறு. புகையில் ஏதோ நாலைந்து வேதிப்பொருள்கள்தான் குற்றவாளிகள், அவற்றைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் மிச்சம் சுத்தம் என்று நினைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அது முட்டாள்தனமான நினைப்பு இல்லை. காபியிலிருந்து காஃபீனை எடுக்கவில்லையா?

எடுத்த எடுப்பில் வந்த ‘சுத்தமான’ சிகரெட் லோரிலார்ட் கம்பெனியின் கெண்ட். 1952. அதன் பில்டருக்கு மைக்ரோனைட் என்று பெயர் வைத்தார்கள். அணுசக்தி நிலையங்களில் காற்றை வடிகட்டும் பொருள் என்று விளம்பரம். அந்தப் பொருள் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். அதிலும் மிக மோசமான வகை என்று இன்று நமக்குத் தெரிகிற நீலக் கல்நார். 1956 வரை அது பில்டரில் இருந்தது. அந்த பில்டர் பொருளைத் தயாரித்த மாசசூசெட்ஸ் ஆலையில் 1953-ல் வேலை பார்த்த 33 பேரைப் பின்னாளில் மருத்துவர்கள் தேடிப்போனார்கள். 1989-ல் வெளியான அந்த ஆய்வின்படி 28 பேர் இறந்திருந்தார்கள். வழக்கமான கணக்குப்படி எட்டுப் பேர்தான் இறந்திருக்க வேண்டும். தாருக்குப் பயந்து கெண்ட் வாங்கியவன் கல்நாரை இழுத்திருக்கிறான். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

அடுத்து ரோஸ் சிப்பல்லோன். நியூ ஜெர்சிக்காரப் பெண். 1942-ல், பதினாறு வயதில், செஸ்டர்ஃபீல்ட் குடிக்க ஆரம்பித்தார். 1955 வாக்கில் அதே லிகெட் அண்ட் மையர்ஸ் கம்பெனியின் பில்டர் சிகரெட்டான எல் அண்ட் எம்-முக்கு மாறினார். டாக்டர் எழுதிக் கொடுத்தது போலவே இருக்கிறது என்கிற தொனியில் அதற்கு விளம்பரம் வந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு வர்ஜீனியா ஸ்லிம்ஸ், பார்லிமென்ட், கடைசியாக ட்ரூ. ஒவ்வொரு தாவலிலும் முந்தியதைவிட இது கொஞ்சம் பரவாயில்லை என்ற நம்பிக்கை. 1984-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். சாவதற்கு முன் தொடுத்த வழக்கைக் கணவர் அன்டோனியோ தொடர்ந்தார். ரோஸுக்குப் பிறகு வருவோம். அவருடைய வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறிய ஒருவரைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் ‘லைட்ஸ்’, தார் குறைவு என்று சொல்லி விற்ற சிகரெட்டுகள்.

சிகரெட்டில் எவ்வளவு தார், எவ்வளவு நிகோட்டின் என்று அளக்க ஓர் இயந்திரம் உண்டு. 35 மில்லிலிட்டர் புகையை இரண்டு விநாடியில் இழுக்கும். ஒரு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. துண்டு குறிப்பிட்ட நீளத்துக்கு வந்ததும் நிறுத்திவிடும். 1967 முதல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே இந்த முறையில் அளந்து பட்டியல் வெளியிட்டது. அந்த இயந்திரத்துக்குக் கோபம் வராது, பரீட்சை பயம் கிடையாது, கடன்காரன் வாசலில் நிற்க மாட்டான். மனிதன் அப்படி இழுப்பதில்லை.

இதில் கம்பெனிகள் செய்த வேலை எளிமையானது, அழகானது என்றே சொல்வேன். பில்டரைச் சுற்றிய தாளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகளைப் போட்டார்கள். இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியாக வெளிக்காற்று புகுந்து புகையோடு கலக்கும். தார் அளவு இறங்கும். சிகரெட்டை மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் அதே துளைகள் மேல்தான் உட்காரும். உட்காராவிட்டாலும் உடம்புக்கு வேண்டிய நிகோட்டின் கிடைக்கும்வரை அவன் ஆழமாக இழுப்பான், இன்னொரு இழுப்பு சேர்த்து இழுப்பான், அப்புறம் இன்னொன்றைப் பற்றவைப்பான். அவன் கணக்கு வைப்பது நிகோட்டினுக்கு. தார் கூடவே வந்துவிடும். லண்டன் மனநல மருத்துவர் மைக்கேல் ரசல் 1976-ல் எழுதிய வாக்கியம் புகழ்பெற்றது: மனிதர்கள் நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், தாரால் சாகிறார்கள்.

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. மார்ல்பரோ லைட்ஸ் 1970-களின் தொடக்கத்தில் வந்தது. 1975-ல் பிலிப் மோரிஸ் ஆய்வுக்கூடம் தன் சிகரெட்டுகளை நிஜ மனிதர்களிடம் கொடுத்துச் சோதித்தது. லைட்ஸ் குடித்தவர்கள் உள்ளே இழுத்த புகை சாதாரண மார்ல்பரோ குடித்தவர்களுடையதைவிடக் குறையவில்லை என்று அறிக்கை எழுதினார்கள். அறிக்கை கோப்பில் இருந்தது, லைட்ஸ் கடையில் இருந்தது.

இதைப் படித்த வாரம் நான் ஒரு பெட்டிக்கடைக்குப் போய் ஒரே ஒரு சிகரெட் வாங்கினேன். கல்லூரிக் காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நெருப்புக் கயிற்றுப் பக்கம் போகாமல், நுனித்தாளை நகத்தால் உரித்து வெயிலுக்கு நேரே பிடித்தேன். ஊசியால் குத்தினது போல வரிசையாகப் புள்ளிகள். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என்ன சார், டூப்ளிகேட்டான்னு பாக்குறீங்களா?” என்றார். இல்லை, ஒரிஜினல்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெரியப்பா சிகரெட்டை இரண்டு விரல் இடுக்கில் ஆழமாகச் சொருகி, உள்ளங்கையால் வாயை மூடுவது போலப் பிடிப்பார். கடைக்கு வெளியே காற்று அடிக்கும் என்பதால் வந்த பழக்கம்.

வேதியியல் பக்கமும் இதே மாதிரி ஒரு சோகம் இருக்கிறது, அதைப் பலர் பேசுவதில்லை. எலி முதுகில் கட்டி வரவைக்கும் பொருள்களில் பென்சோபைரீன் என்பது பிரபலமான ஒன்று. புகையிலைக் கலவையில் நைட்ரேட் அதிகமானால் பென்சோபைரீன் குறையும். ஆனால் நைட்ரேட் கூடினால் நைட்ரோசமீன் என்ற இன்னொரு புற்றுநோய்க் குடும்பம் கூடும். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்தது போல. துளை போட்ட பில்டரால் புகை மெலிந்து, ஆட்கள் அதை நுரையீரலின் ஓரம்வரை இழுத்துக்கொண்டார்கள். முன்பு நுரையீரலின் நடுக்குழாய்களில் அதிகமாக வந்த புற்றுநோய், பிறகு விளிம்புகளில் வரும் அடினோகார்சினோமாவாக மாறத் தொடங்கியது. சிகரெட்டின் வடிவமைப்பில் 1950-களுக்குப் பின் வந்த மாற்றங்களால் அந்த வகைப் புற்றுநோயின் ஆபத்து கூடியது என்று 2014-ல் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுநல மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் அறிக்கையே சொன்னது. அதாவது மேம்படுத்திய சிகரெட் ஒரு விதத்தில் பழையதைவிட மோசம்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1968-ல் தொடங்கிச் சுமார் பத்து வருடம், கெடுதல் குறைந்த சிகரெட்டுக்காக ஒரு திட்டமே நடத்தியது. கம்பெனி விஞ்ஞானிகளும் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தார்கள். சோதனைச் சிகரெட்டுகள் செய்தார்கள், எலிகளுக்குத் தடவினார்கள். அதை நடத்திய ஜியோ கோரி, இத்தனை லைட் சிகரெட்டுகள்வரை சமாளிக்கலாம் என்கிற மாதிரி 1978-ல் ஒரு கணக்கு வெளியிட்டுப் பெரிய சர்ச்சையில் மாட்டினார். திட்டம் அதோடு அடங்கியது.

இப்போது அந்த சாட்சி. ஜேம்ஸ் மோல்ட், லிகெட் அண்ட் மையர்ஸின் ஆராய்ச்சித் துறையில் துணைத்தலைமைப் பொறுப்பில் இருந்தவர்.

லிகெட் 1950-களிலேயே வெளியே சொல்லாமல் எலிச் சோதனையைத் தானும் செய்து பார்த்தது. கட்டி வந்தது. 1968 வாக்கில் எக்ஸ்-ஏ என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். புகையிலையிலேயே பல்லேடியம் என்ற உலோகத்தையும் மெக்னீசியம் நைட்ரேட்டையும் கொஞ்சம் சேர்ப்பது. பல்லேடியம் வினையூக்கி. கார் புகைக்குழாயில் விஷ வாயுவை மாற்றுவதற்கு வைக்கிறார்களே, அந்தக் குடும்பம். எரிகிற நேரத்திலேயே கெட்டதை எரித்துவிடும் என்பது யோசனை. அந்தச் சிகரெட்டின் தாரை எலிகளின் முதுகில் தடவியபோது கட்டிகள் ஏறக்குறைய இல்லாமலே போயின. 1977-ல் காப்புரிமையும் வாங்கினார்கள்.

கடைக்கு வரவில்லை.

ரோஸ் சிப்பல்லோன் வழக்கில் 1988-ல் மோல்ட் சொன்னதுதான் காரணம் பற்றி நமக்குள்ள நேரடிச் சாட்சியம். ஒரு கட்டத்துக்குப் பிறகு திட்டத்தின் எல்லாக் கூட்டங்களிலும் கம்பெனி வக்கீல்கள் உட்கார ஆரம்பித்தார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோருடைய குறிப்புகளையும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஏதாவது ஒரு சின்னச் சிக்கல் வந்தால் திட்டத்தை நிறுத்த அதுவே சாக்கு. எக்ஸ்-ஏ-யைப் பாதுகாப்பானது என்று விற்றால், நேற்றுவரை விற்ற மற்றதெல்லாம் பாதுகாப்பற்றது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாடு முழுக்க வழக்குகள் காத்திருக்கின்றன. பெரிய போட்டிக் கம்பெனி ஒன்று லிகெட்டை எச்சரித்ததாகவும் அவர் சொன்னார். கம்பெனித் தரப்பு அவர் சொன்னதை மறுத்தது. எலிக்குக் குறைந்தால் மனிதனுக்குக் குறையும் என்று எப்படிச் சொல்வது என்று வாதிட்டது. அந்தக் கேள்வி நியாயமானதுதான். எக்ஸ்-ஏ நுரையீரலைக் காப்பாற்றியிருக்குமா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நைட்ரேட் விஷயத்தை மேலே சொன்னேன். இதயத்துக்கு வரும் கார்பன் மோனாக்சைடை எலி முதுகு கணக்கில் எடுக்காது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: எலி ஆய்வு மனிதனுக்குப் பொருந்தாது என்று முப்பது வருடம் வெளியே சொல்லிவந்த தொழில், தன் புதுச் சிகரெட் நல்லது என்று தனக்குத்தானே நிரூபிக்க அதே எலியைத்தான் நம்பியது.

வழக்கில் ஜூரி அன்டோனியோவுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்தது. ஒரு சிகரெட் கம்பெனி நஷ்ட ஈடு தர வேண்டும் என்று ஜூரி சொன்னது அதுதான் முதல் தடவை. எதற்காக? 1966-க்கு முந்தைய விளம்பரங்களில் கெடுதல் இல்லை என்று வாக்குக் கொடுத்ததற்காக. ரோஸ் தன் சாவுக்குத் தானே 80 சதவீதம் பொறுப்பு என்றும் அதே ஜூரி சொன்னது. மேல்முறையீட்டில் தீர்ப்பு நிற்கவில்லை. 1992-ல் குடும்பம் வழக்கைக் கைவிட்டது. டாக்டர் சொன்னது போல இருக்கிறது என்று நம்பி எல் அண்ட் எம்-முக்கு மாறிய பெண்ணின் வழக்கில்தான், அதே கம்பெனி பரணில் போட்ட சிகரெட்டின் கதை வெளியே வந்தது.

மோல்ட் ஒருவர் மட்டும் அல்ல. விக்டர் டிநோபிளை 1980-ல் பிலிப் மோரிஸ் வேலைக்கு எடுத்தது, நிகோட்டினுக்கு மாற்று ஒன்றைத் தேட. மூளைக்கு அதே சுகம், இதயத்துக்கு அந்தச் சுமை இல்லாத ஒரு பொருள். நல்ல நோக்கம். ஆனால் மாற்று வேலை செய்கிறதா என்று பார்க்க, முதலில் அசல் என்ன செய்கிறது என்று காட்ட வேண்டும். எலிகள் நிகோட்டினுக்காக நெம்புகோலைத் தாங்களாகவே அழுத்திக்கொண்டே இருக்கின்றன என்று காட்டினார். போதைப்பொருளுக்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் முக்கியமான அடையாளங்களில் அது ஒன்று. அவருடைய கட்டுரையை வெளியிடாமல் திரும்பப் பெறச் சொன்னார்கள். 1984-ல் ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். பத்து வருடம் கழித்து அமெரிக்க காங்கிரஸ் முன்னால் அவர் இதையெல்லாம் சொன்னார்.

நோய்க்கு மருந்து தேடப் போனால் நோய் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கையெழுத்துக்குத்தான் இவர்கள் அத்தனை பேரும் பயந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்நாரும் துளையும் கறையும் கடைக்கு வந்தன, ஏனென்றால் அவை எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை.

பிரிட்டனில் கதை வேறு விதம். அங்கே அரசுக் குழுவின் ஒப்புதலோடு, ரசாயனக் கம்பெனியான ஐ.சி.ஐ.-யும் இம்பீரியல் டொபாகோவும் சேர்ந்து மரக்கூழிலிருந்து புகையிலைக்கு மாற்று செய்தார்கள். புதிய புகைப்பொருள் என்று அதற்குப் பெயர். அதைச் சோதிக்கப் பீகிள் நாய்களுக்கு முகமூடி மாட்டிப் புகைக்க வைத்தார்கள். 1975-ல் சண்டே பீப்பிள் பத்திரிகையின் மேரி பீத் அந்தச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, வரிசையாக உட்கார்ந்து புகைக்கும் நாய்களைப் படம் எடுத்து வெளியிட்டார். நாடு கொந்தளித்தது. மனிதர்கள் புகைப்பதைப் பார்த்து அப்படி யாரும் கொந்தளித்ததாகத் தெரியவில்லை. 1977 ஜூலையில் பத்துப் பன்னிரண்டு பிராண்டுகள் ஒரே சமயத்தில் கடைக்கு வந்தன. வரி அதே வரி, விலை கிட்டத்தட்ட அதே விலை, ருசி மட்டும் இல்லை. சில மாதங்களில் விற்காத பெட்டிகளைத் திரும்ப எடுத்து அழித்தார்கள். ஸ்காட்லாந்தில் அதற்கென்றே கட்டிய ஆலையை மூடினார்கள்.

எரிக்காமல் சூடாக்கலாமே என்பது அடுத்த யோசனை. எரிகிற நுனி ஒரு இழுப்பில் 900 டிகிரி செல்சியஸைத் தொடும். விஷத்தில் பெரும்பகுதி அந்த நெருப்பில்தான் பிறக்கிறது. பி.ஏ.டி. (பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாகோ) கம்பெனியில் 1960-களிலேயே ஏரியல் என்று ஒரு கருவி இருந்தது. அதன் பின்னால் இருந்தவர் சர் சார்ல்ஸ் எல்லிஸ், ரூதர்ஃபோர்டோடும் சாட்விக்கோடும் சேர்ந்து கதிரியக்கம் பற்றி நூல் எழுதிய இயற்பியலாளர். காப்புரிமை எடுத்தார்கள், அலமாரியில் வைத்தார்கள். 1988-ல் ரெனால்ட்ஸ் பிரீமியரைக் கொண்டுவந்தது. நுனியில் கரித்துண்டு, உள்ளே அலுமினியக் குப்பி. 30 கோடி டாலருக்கு மேல் செலவு. தீக்குச்சியால் பற்றவைத்தால் நாற்றம், பற்றினாலும் இழுக்க மூச்சு போதாது. செயிண்ட் லூயிஸிலும் அரிசோனாவிலும் சோதனை விற்பனைக்கு விட்டு, 1989 தொடக்கத்தில் திரும்பப் பெற்றார்கள். அதன் பேரப்பிள்ளை என்று ஐகாஸைச் சொல்லலாம். 2014-ல் ஜப்பானின் நகோயாவிலும் இத்தாலியின் மிலானிலும் பிலிப் மோரிஸ் அறிமுகப்படுத்தியது, 350 டிகிரிக்குள் சூடாக்குவது. 2020-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு நுட்பமான அனுமதி கொடுத்தது: விஷப்பொருள்கள் உடம்பில் சேர்வது குறைகிறது என்று சொல்லிக்கொள்ளலாம், நோய் குறைகிறது என்று சொல்லக் கூடாது. எழுபது வருடச் சூடு கண்ட பூனை எழுதிய வாக்கியம் அது.

நம் நாட்டில் 2019 சட்டம் மின்சிகரெட்டோடு சேர்த்து இந்தச் சூடாக்கும் கருவிகளையும் தடை செய்துவிட்டது. சிகரெட் கிடைக்கிறது. பீடி கிடைக்கிறது. 2016–17 தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 4 சதவீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள், 7.7 சதவீதம் பேர் பீடி பிடித்தார்கள். இத்தனை கோடி டாலர் கொட்டிய ஆராய்ச்சியில் ஒரு காசு பீடிக்காரனுக்காகச் செலவானதாக நான் எங்கும் படிக்கவில்லை. அதற்கு ஒருவேளை சந்தோஷப்பட வேண்டுமோ என்னவோ.

1997-ல் லிகெட்டின் முதலாளி பென்னெட் லெபோ, சிகரெட் புற்றுநோய் தரும், அடிமைப்படுத்தும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அமெரிக்கக் கம்பெனிகளில் முதல் ஆள். மோல்டின் திட்டத்தை மூடிய அதே கம்பெனி. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி பயம் இல்லை. 2001-ல் அவருடைய குழுமம் பல்லேடியம் சேர்த்த சிகரெட்டை ஓம்னி என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. யாரும் பெரிதாக வாங்கவில்லை.

2006-ல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், லைட்ஸ் சிகரெட்டுகளால் நன்மை இல்லை என்று தெரிந்தே, உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டுப் புகைப்பதை நிறுத்த நினைத்தவர்களைப் பிடித்துவைக்கக் கம்பெனிகள் அவற்றைப் பயன்படுத்தின என்று தீர்ப்பெழுதினார். 2010 முதல் அமெரிக்காவில் ‘லைட்’ என்ற சொல்லே பெட்டியில் வரக் கூடாது என்றானது. அதற்குச் சற்று முன்பு மார்ல்பரோ லைட்ஸ் பெட்டிகளோடு ஒரு சின்னத் தாள் வந்தது. உங்கள் பெட்டி மாறுகிறது, சிகரெட் மாறவில்லை, இனிமேல் தங்கநிறப் பெட்டி என்று கேட்டு வாங்குங்கள் என்று.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மாவிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பெரியப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. கல்நார், எலி, வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். பில்டர் விஷயம் வந்தபோது கை நின்றது.

“அது எப்ப ஆரம்பிச்சார்னு தெரியுமாப்பா? உங்க அக்கா பொறந்த வருஷம். இருமல்னு டாக்டர்கிட்ட போனாரு. அவரு விடச் சொல்லிட்டாரு. வந்த கையோட இருந்த பாக்கெட்ட அடுப்புல போட்டாரு. மூணு நாள் தொடல. எரிஞ்சு விழுந்தாரு, சோத்துல கை வைக்கல, ஆனா தொடல. நாலாம் நாள் சாயங்காலம் சிரிச்சுக்கிட்டே வந்தாரு. கையில பில்டர் சிகரெட்டு.”